அம்மன் சொல்லாத வாக்கு

என் மாமியார் எதையும் கொஞ்சமாகச் செய்து நான் பார்த்ததில்லை. வாசல் கூட்ட ஆரம்பித்தால் எங்கள் வாசலோடு நிற்காது. பக்கத்து வாசல், அதற்கடுத்த வாசல் என்று போய், வண்டி திரும்பும் மேடு வரைக்கும் கூட்டிவிட்டுத்தான் விளக்குமாற்றை உதறுவார். விருந்தாளிக்குச் சோறு போட்டால் அந்த மனுஷர் இலைமேல் இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஏதோ ஒரு சீர் விஷயத்தில் தன் சித்தப்பாவோடு பேசுவதில்லை என்று ஒருமுறை முடிவு செய்தாராம். ஒன்பது வருஷம் பேசவில்லை. அந்தச் சித்தப்பாவின் ஆடு எங்கள் காட்டில் புகுந்து சோளத்தைக் கடித்தால்கூட விரட்ட மாட்டாராம். ஆட்டை அதட்டினால் அது அவரோடு பேசின மாதிரி ஆகிவிடும் என்று.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது இரண்டாவது யுத்தம் ஆரம்பித்திருந்தது. மாமனார் அப்போதே இல்லை. மாமியார், என் கணவர், நான், மூன்றே பேர். மாமியாருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நெட்டையான உடம்பு, வெள்ளைச் சேலை, இடது கன்னம் எப்போதும் கொஞ்சம் உப்பியிருக்கும். அந்தக் கன்னத்துக்குள் புகையிலை இருந்தது. காலையில் எழுந்ததும் வைப்பார், சாப்பிடும்போது எடுப்பார், சாப்பிட்ட கையோடு மறுபடி வைப்பார்.

ஊரில் அவருக்கு வேறொரு இடமும் இருந்தது. மாரியம்மன் அவர்மேல் இறங்கும். வெள்ளிக்கிழமை உச்சிப் பூசைக்குக் கோயில் முன்னால் முப்பது நாற்பது பேர் காத்திருப்பார்கள். வெண்ணந்தூரிலிருந்தும் வருவார்கள். பிள்ளைக்குச் சீக்கு, கிணற்றில் தண்ணீர் இல்லை, மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் வாக்குக் கேட்பார்கள். மாமனார் இறந்த பிறகு இனி ஆடலாமா என்று ஒரு பேச்சு வந்ததாம். அம்மன் வந்து இறங்குகிற உடம்பை நாம் யார் வேண்டாம் என்று சொல்ல என்று பூசாரியே சொல்லிவிட்டாராம்.

நான் போன இரண்டாவது வருஷம் அவருக்கு வாயில் எரிச்சல் வந்தது. மிளகாய் பட்டால் கண்ணில் நீர் வரும். என் கணவர் வற்புறுத்திச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். ஒரு டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, புகையிலையை விட்டால் ஆறலாம், விடாவிட்டால் புற்றாக மாறிவிடும் என்றார்.

"ஒரேயடியா விடறது கஷ்டம். கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சுக்குங்க," என்றார் டாக்டரம்மா.

"கொஞ்சம் கொஞ்சமா விடறதுக்கு இதென்ன கன்னுக்குட்டிக்குப் பால் மறக்க வெக்கறதுங்களா?" என்றார் மாமியார். எழுந்து வெளியே போனார். வாயில் இருந்ததைத் துப்பிக் கொப்பளித்துவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். "விட்டாச்சுங்க. இனி மருந்தச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. வறுத்த கொத்தமல்லியை வாயில் போட்டு அரைத்துக்கொண்டே இருப்பார். பாதி வேலையில் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நிற்பார். ஒருநாள் நான் மோரில் உப்புப் போட மறந்துவிட்டேன். பானையை அப்படியே கீழே தட்டிவிட்டார். முற்றமெல்லாம் மோர். நான் அழுதுகொண்டே ஓட்டாஞ்சில்லுகளைப் பொறுக்கினேன். அவரும் பக்கத்தில் வந்து குந்திப் பொறுக்கினார்.

"உன்மேல கோவமில்ல அம்மிணி," என்றார். "இது பொகையிலைக்கு வந்த கோவம். அது போற வரைக்கும் எங்கிட்ட வராதே."

கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் அரை ஏக்கரில் எங்களுக்குப் புகையிலைப் பயிர் நின்றது. இலை நன்றாக விரிந்து, கருகருவென்று, அறுக்க இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அதை உழுதுவிடச் சொன்னார்.

என் கணவர் அம்மாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. "ஏனுங்கம்மா, நீங்க விட்டுட்டீங்க, சரி. பயிர் என்ன பண்ணுச்சு? வேற ஆராவது வாங்கிட்டுப் போறாங்க."

"என் வாய்க்கு ஆகாதுன்னு துப்புனத இன்னொருத்தன் வாய்க்கு அனுப்பறதா கண்ணு?"

என் கணவர் ஏர் பூட்டினார். உழுதார். இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. மாமியார் விட்டது அவருடைய பழக்கத்தைத்தான், ஆனால் எங்கள் மூன்று பேர் வருஷப் பிழைப்பும் அந்த மண்ணுக்குள் போனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதையும் வந்தது, பயமும் வந்தது. இந்த மனுஷி அடுத்து எதைக் கையில் எடுப்பார் என்ற பயம்.

புகையிலை விட்ட மூன்றாவது வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனார். அதற்கு முன்பெல்லாம் ஆடப் போகும்போது பெரிய உருண்டையாகப் புகையிலையை அடக்கிக்கொண்டுதான் நிற்பார். அன்று வெறும் வாயோடு நின்றார். கையில் பிரம்பும் வேப்பிலையும். பூசாரி உடுக்கையை எடுத்தார். வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் அவர் தோள் துடிக்க ஆரம்பிக்கும். அன்று உடுக்கை ஏறி, தணிந்து, மறுபடி ஏறியது. பூசாரியின் குரல் கட்டிக்கொண்டது. வெயிலில் நின்ற சனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டு நட்டுவைத்த மரம்போல நின்றார். நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கழுத்துக்குள் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கண்ணைத் திறந்தார். "இன்னைக்கு அவ வரலீங்க. எல்லாரும் போயிட்டு வாங்க," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளி, வெண்ணந்தூர்க்காரி ஒருத்தி வலிப்பு வந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடுக்கை ஓய்ந்ததும் பூசாரி மாமியாரின் காதருகில் குனிந்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் அது கேட்டது.

"சும்மா ரெண்டு சுத்து ஆடித் துன்னூறு குடுத்துருங்க. சனம் பாவமுங்க."

மாமியார் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ரொம்ப நாளைக்கு முன்னால் தான் செய்த ஒன்றை யாரோ கண்டுபிடித்துவிட்டதுபோல இருந்தது. பிள்ளைக்காரியிடம் போய், "சேலத்து ஆசுபத்திரிக்குக் கொண்டு போ சாமி, இங்க உக்காந்திருக்காதே," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அன்று சாயங்காலம் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று சொன்னார்: "வராதப்பவும் ஆடறதுக்கு எனக்குத் தெரியும் அம்மிணி. ஒருக்கா ஆடியிருக்கறேன்."

நான் கையை நிறுத்திவிட்டேன்.

என் கணவருக்கு முன்னால் மாமியாருக்கு ஒரு பையன் இருந்தான். மூன்று வயதில் போய்விட்டான். அது எனக்கும் தெரியும். தெரியாதது அவருடைய ஓரகத்தியைப் பற்றி. மாமனாரின் தம்பி கல்யாணமாகி ஒரே வருஷத்தில் காய்ச்சலில் இறந்துவிட, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வாழவந்த அந்தச் சின்னப் பெண் இதே வீட்டில் இருந்திருக்கிறார். பையனை வளர்த்தது அவர்தான். மாமியார் காட்டு வேலைக்குப் போய்விடுவார். பையன் சின்னம்மா இடுப்பைவிட்டு இறங்க மாட்டான். ஒருநாள் வாந்தி பேதி கண்டது. விடிகாலையில் ஆரம்பித்து பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

"நான் காட்டிலிருந்து ஓடியாந்து மடியில வாங்கினேன்," என்றார் மாமியார். "எங்கிட்ட இருக்க மாட்டீங்கறான். சின்னம்மா சின்னம்மான்னு கையை நீட்டறான். அவ மடியிலதான் உசிரு போச்சு. பெத்தவ நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தேன்."

கொஞ்ச நாள் கழித்து, பிள்ளை எதனால் போனது என்று அம்மனிடம் கேட்க வேண்டும் என்று ஊரும் உறவும் சொல்லியிருக்கிறார்கள். இவரையே நிறுத்தி உடுக்கை அடித்திருக்கிறார்கள்.

"அவ வரலே அம்மிணி. நாந்தான் வந்தேன். புள்ளைய முழுங்குனவ உள்ளயே இருக்கறான்னு சொன்னேன். பேருகூடச் சொல்லலே. எல்லாரும் திரும்பி அவளத்தான் பாத்தாங்க. மறுநா அவங்கண்ணன் ஆத்தூருல இருந்து வண்டி கொண்டாந்து கூட்டிட்டுப் போயிட்டான். போறப்ப எங்கால்ல உளுந்து கும்புட்டுட்டுத்தான் போனா. அம்மன் சொல்லிட்டான்னு அவளே நம்பிட்டா."

இருபத்திரண்டு வருஷம். அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மாமனாரிடம்கூட. நான் கடலைத் தோலைக் கூட்டி அள்ளினேன்.

"நோம்பி அன்னைக்கு ஊர் முன்னால சொல்லப் போறேன்," என்றார்.

மாரியம்மன் நோம்பி, எங்கள் ஊர்த் திருவிழா, வர இன்னும் இருபது நாள் இருந்தது. எனக்கு அப்போது ஐந்து மாதம். அந்த இருபது நாளும் வீட்டுக்குள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடமாடினோம். என் கணவர் முதலில் கெஞ்சினார். பிறகு கோபப்பட்டார். "நாளைக்கு நான் ஊருக்குள்ள எப்படிங்க தலை காட்டறது? போனது போச்சு. ஆத்தூருக்குப் போய் அவங்ககிட்ட மட்டும் சொல்லிட்டு வந்துருங்க."

"சொன்னப்ப ஊரே கேட்டுது. இப்ப அவ காதுல மட்டும் சொன்னா அது என்ன கணக்கு?"

கடைசி ஆயுதமாக என் கணவர் என்னை அனுப்பினார். அனுப்பினார் என்று சொல்வதுகூடப் பொய். நானேதான் போனேன். எனக்குப் பயமாக இருந்தது. அம்மன் பெயரில் பொய் சொன்னேன் என்று அவள் சன்னதியிலேயே நின்று சொன்னால் அவள் சும்மா இருப்பாளா? "அத்தை, என் வயித்துல இருக்கறதுக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா?" என்று கேட்டேன்.

அன்றுதான் முதல்முறையாக அவர் தயங்கி நான் பார்த்தேன். வெகுநேரம் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொன்னவ நான். கேக்கறதா இருந்தா அவ என்னத்தான் கேப்பா," என்றார். "எனக்குப் பதிலா உன் வயித்தக் கேக்கறவளா இருந்தா, அப்படிப்பட்டவளுக்கா அம்மிணி நான் இத்தன வருஷம் ஆடுனேன்?"

எனக்கு அது பதிலாகப் படவில்லை. நோம்பிக்கு முன்னால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட வேண்டும், எழுந்து நடக்க முடியாமல் போய்விட வேண்டும் என்று நான் ரகசியமாக வேண்டிக்கொண்டேன். அவர் சொல்லப் போவதைத் தடுக்க அதே அம்மனிடம்தான் வேண்டிக்கொண்டேன்.

நோம்பியன்று உச்சிப் பொழுது. பொங்கல் பானைகளிலிருந்து புகை. ஊர்ச் சனம் முழுவதும் நின்றது. பூசாரி உடுக்கையைத் தொடுவதற்கு முன்னால் மாமியார் கையைக் காட்டி நிறுத்தினார். பிரம்பை அம்மன் காலடியில் கிடத்திவிட்டுத் திரும்பி நின்று சொன்னார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே இடத்தில், அம்மன் வராமலே வந்ததாக ஆடினேன். என் ஓரகத்தி குழந்தையை முழுங்கினவள் என்று சொன்னது நான். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. என் பிள்ளை வாந்தி பேதியில் போனான். அவ்வளவுதான்.

பானை பொங்கி வழிந்து தணல் சீறியது. யாரும் போய் மூடியைத் தள்ளவில்லை.

பிறகு பின்னாலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துக்காரர். "எம்பொண்ணத் திருச்செங்கோட்டுக்குக் குடுக்க வேண்டாம்னு சொன்னீங்களே. அது ஆருங்க சொன்னது?"

அந்தப் பெண் வேறிடத்தில் வாழ்க்கைப்பட்டுத் திரும்பி வந்து வீட்டோடு இருந்தாள். ஊருக்கே தெரியும்.

"அம்மன்னு நெனச்சுத்தான் சொன்னேனுங்க," என்றார் மாமியார். "ஆனா இனிமேல் சத்தியம் பண்ண மாட்டேன். ஒண்ணு பொய்யின்னு தெரிஞ்சவ மத்ததுக்கு எப்படிங்க சத்தியம் பண்றது?"

அந்தத் தோட்டத்துக்காரர் காறித் துப்பிவிட்டுப் போனார். அதன் பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஒரு கிழவி என் வயிற்றைப் பார்த்து, "பாவம், மாசமா இருக்கற புள்ளை," என்று சொல்லிக்கொண்டே போனாள். வீட்டுக்கு நடந்தோம். மாமியார் என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையை விலக்கிக்கொண்டேன்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் பிறக்கும் வரைக்கும், வயிற்றில் அது அசையாத ஒவ்வொரு பொழுதும் நான் மாமியாரைச் சபித்தேன். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் வாயிலிருந்த வெள்ளையும் ஒரு வருஷத்தில் ஆறிவிட்டது. புகையிலையை அவர் மறுபடி தொடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவார். எல்லாரும் போன பிறகு ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு வருவார். பிரம்பை வேறொரு பெண் எடுத்துக்கொண்டாள்.

நோம்பி முடிந்த மூன்றாவது வாரம் ஆத்தூருக்குப் போகிறேன் என்றார். என் கணவர் வர மறுத்துவிட்டார். ஆனாலும் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நான் கிளம்பினேன். யுத்த காலம், கரியில் ஓடும் பஸ். மேட்டில் ஏற மாட்டாமல் இரண்டு இடத்தில் நின்றது. சேலத்தில் மாறி ஆத்தூர் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாமியார் வழியெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவர் ஓரகத்தியின் அண்ணன் ஒரு அரிசி மில்லில் வேலையாக இருந்தார். மில்லுக்குப் பின்னால் களம். புழுக்கின நெல்லைப் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டு ஒரு பெண் நடந்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், அறுபது போலத் தெரிந்தார். மாமியாரைப் பார்த்ததும் கால் நின்றது. பிறகு மறுபடி நடக்க ஆரம்பித்தது.

மாமியார் களத்தின் விளிம்பில் வெயிலில் நின்று சொன்னார். "அன்னைக்கு அம்மன் வரலே. நான் பொய் சொன்னேன். உம்மேல ஒரு தப்பும் இல்ல. நோம்பியில ஊர் முன்னால சொல்லிட்டேன்."

நெல் சரசரத்தது. ஒரு முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்த பிறகுதான் சின்னவர், மாமியாரின் அந்த ஓரகத்தி, கேட்டார்.

"எந்த ஊர் முன்னால?"

"நம்மூருலதான்."

"நான் அங்கயா இருக்கேன்?"

சின்னவர் கால் மறுபடி நெல்லைத் துழாவியது.

"இந்தத் தெருவில பதினெட்டு வீடு," என்றார் சின்னவர். குரலை உயர்த்தவில்லை. "உங்க வாக்கு எனக்கு முன்னாடியே இங்க வந்து சேந்திருச்சு. எங்கண்ணனுக்கு நாலு பிள்ளைங்க. ஒண்ணையும் என் கையில குடுத்ததில்ல. பால்குடிப் பிள்ளை இருக்கிற வீட்டு வாசல்ல நான் நடந்தா கதவைச் சாத்துவாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. நானே என் கையைப் பாத்துப் பயந்திருக்கேன்."

மாமியார் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். திரும்பித் தெருவின் முதல் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

பதினெட்டு வீடு. ஒவ்வொரு வாசலிலும் நின்று, வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, தான் யார் என்று சொல்லி, தான் சொன்ன பொய்யைச் சொன்னார். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. அழவும் இல்லை. அழுதால் கேட்கிறவர்கள் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில், "இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார்கள். சின்னவரின் அண்ணன் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பதினோராவது வீட்டில் மாமியார் குரல் கம்மிப் போனது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். நான் திரும்பிப் பார்த்தேன். சின்னவர் களத்தை விட்டுவிட்டுப் பத்தடி தள்ளி எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். காலில் ஒட்டிய நெல்லோடு.

அவர் எங்களோடு ஊருக்கு வரவில்லை. பின்னால் அவர் கணவர் பங்கு நிலத்தை அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். மன்னித்தேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை; மாமியாரும் கேட்கவில்லை.

பதினெட்டாவது வீட்டில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். தலைப்பிள்ளைக்காரி. மாமியார் சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டாள். "இத்தனை வருஷமுமா?" என்று மட்டும் கேட்டாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன். மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எங்களைத் தாண்டித் தெருவில் இறங்கிச் சின்னவரின் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

சின்னவர் இரண்டு கையையும் சேலையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "எனக்குப் பழக்கமில்லம்மா," என்றார். அந்தப் பெண் நீட்டிய கையை மடக்கவில்லை.

வாங்கினார். கைக்கு வந்ததும் குழந்தையின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அவருக்கு முழங்கை விறைத்துப்போய் மடங்கவே இல்லை. மாமியார் சட்டென்று ஓர் எட்டு முன்னால் வைத்தார். பிறகு தொடலாமா கூடாதா என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டார். அவர் பாதியில் நின்று நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

"பாத்துகிட்டு நிக்கிறீங்களே அக்கா," என்றார் சின்னவர். "தலையைப் பிடிங்க."

மாமியார் பிடித்தார்.